பிள்ளை இருக்கப்போவது உள்பக்கம்

மாப்ள,

நேற்று விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், குழந்தைகள் பிரிவில் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார்கள். கண்ணாடித்தாளைப் பிரித்ததும் புது வெல்வெட்டின் வாடை எழுந்தது. பசையும் சாயமும் கலந்த, மூக்கில் ஒட்டிக்கொள்ளும் வாடை. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு வியர்த்துவிட்டது.

உன் அக்கா மகளின், அதாவது என் மகளின் பிள்ளைக்கு அடுத்த வாரம் காதுகுத்து. காது குத்த நீ மடியில் வைத்திருந்த அதே பெண்ணின் மகன். இந்த முறை தாய்மாமன் என் மகன். துணி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கடைக்காரர் பெட்டியிலிருந்து தூக்கிப் பிடித்தது கருநீல வெல்வெட் ஷெர்வானி. கழுத்தைச் சுற்றி ஜரிகை, அதற்குப் பொருத்தமாக ஒரு தொப்பி. இன்னும் ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு. வெளியே சித்திரை வெயில்.

"செமையா இருக்குல்லப்பா?" என்றான் மகன்.

தாய்மாமன் எடுக்கும் துணியில் மற்றவர்கள் கருத்துச் சொல்வதில்லை. அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீயும் நானும் ஒரே கொட்டகையில் நின்று பார்த்தவர்கள். அதனால்தான் விடிந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு எங்கள் வீட்டில் நடக்கும் முதல் விசேஷம் இது.

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்த அன்றும் சித்திரைதான். அவனியாபுரத்தைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில் எங்கள் குலசாமி கோயில். மரம் என்று சொல்ல ஒரே ஒரு வேம்பு. அதன் நிழலைச் சமையல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சடங்குக்குத் தகரக் கொட்டகை. உன் வீட்டார் மேளத்தோடு சீர் கொண்டுவந்தீர்கள். முதல் தட்டில், கண்ணாடித்தாள் சுற்றி, அரக்கு நிற வெல்வெட் கவுன் இருந்தது. உள்ளே அடுக்கடுக்காக நைலான் வலை. கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக். மொட்டைத் தலைக்கு அதே துணியில் ஒரு தொப்பி. உன் லேத்துப் பட்டறையை இரண்டு நாள் மூடிவிட்டு, கடை கடையாக ஏறி நீயே தேடி எடுத்தது.

அந்தக் கவுன் வெறும் கவுன் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் கல்யாணத்தில் உங்கள் சீர்த்தட்டைப் பார்த்து என் பெரியப்பா, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டார். உன் அப்பா சாப்பிடாமல் எழுந்து போனவர். பேத்தி பிறந்த பிறகுதான் எங்கள் வாசலை மிதித்தார். அன்று கொட்டகையில் என் பெரியப்பாவுக்கு நேர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் மகன் எடுத்த துணி பிள்ளை மேல் ஏறுவதை அவர் பார்க்க வேண்டும். அதைப் பெரியப்பாவும் பார்க்க வேண்டும்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். அதன் மேல் தொப்பியை இழுத்துவிட்டு, கவுனை மாட்டி, உன் மடியில் உட்கார வைத்தார்கள். எங்களில் காது குத்தி முடியும்வரை தாய்மாமன் துணியை அவிழ்க்கக் கூடாது. ஆசாரி வர நேரமாகிவிட்டது. பிள்ளை அழுதாள். தகரத்திலிருந்து அனல் இறங்கியது. யாரோ பவுடரைக் கொட்டினார்கள். யாரோ கிலுகிலுப்பையை ஆட்டினார்கள். அழுகை ஏறிக்கொண்டே போனது.

உன் அக்கா தாங்கமாட்டாமல் குனிந்து, முதுகுப்பக்கக் கொக்கியில் கை வைத்தாள்.

"என்ன பண்ற?" என்றார் உன் அப்பா.

"வெந்துபோயிருக்காப்பா. செத்த நேரம் கழட்டி வச்சுட்டு..."

"தம்பி எடுத்த துணி ஒனக்கு லேசாப் போச்சா? இத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காக."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மாப்பிள்ளை, இது எங்க வீட்டுச் சீரு. நீங்க பேசாம இருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பெரியப்பா மீசைக்குள் சிரித்தார். இன்னொரு வார்த்தை விழுந்திருந்தால் இரண்டு வீடும் மறுபடி பிரிந்திருக்கும். உன் அக்கா கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் அழுகை நின்றது.

கொட்டகை முழுவதும் பெருமூச்சு விட்டது. "அப்பாடா, அசந்துட்டா," என்றார் ஓர் அம்மா. ஆசாரியும் வந்து சேர்ந்து, கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். எல்லோர் முகமும் இளகியது, உன் முகத்தைத் தவிர. நீ அசையாமல் உட்கார்ந்திருந்தாய். பிறகு பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தாய். எடுத்தாய். மணிக்கட்டின் உள்பக்கத்தைத் திருப்பி வைத்தாய். லேத்து ஓட்டிக் காய்ப்பேறிய கை உன்னுடையது. "உள்ளங்கைக்குச் சூடு தெரியாது மச்சான், அது செத்துப்போச்சு," என்று பின்னால் என்னிடம் சொன்னாய்.

"இவ அசரலப்பா," என்றாய். "கொதிக்கிறா."

சொல்லிக்கொண்டே தொப்பியை உருவினாய். கொக்கி வரவில்லை. உன் விரல்களுக்கு அது மிகச் சின்னது. கழுத்துப்பக்கம் பிடித்து ஒரே இழுப்பு. வெல்வெட் கிழிகிற சத்தம் மேளக்காரர்கள்வரை கேட்டது. கவுனுக்குள்ளிருந்து வந்த பிள்ளையின் உடம்பு முழுக்கச் சிவந்து, வலை பதிந்த தடம் கட்டம் கட்டமாக இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. உன் அக்கா மார்பில் சேர்த்துப் பார்த்தாள். பிள்ளை வாய் வைக்கவில்லை.

உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "டேய், தாய்மாமன் துணியக் கிழிச்சுட்டு எதப் போட்டுக் குத்துறது?"

உன் தோளில் பழைய துண்டு கிடந்தது. பட்டறைக்குப் போட்டுப் போட்டு, துவைத்துத் துவைத்து, நூல் மெலிந்த வெள்ளைத் துண்டு. சமையல்காரர்களின் தண்ணீர் அண்டாவில் அதை முக்கிப் பிழிந்து பிள்ளையைச் சுற்றினாய்.

"தாய்மாமன் துணிதானே வேணும்? இதுவும் தாய்மாமன் துணிதான். வேனை எடுங்கடா."

உன் அப்பா உட்கார்ந்தாரா, நின்றாரா, எனக்குத் தெரியாது. நான் வேனில் ஏறிவிட்டேன். எல்லாக் கண்ணாடியையும் இறக்கச் சொன்னாய். துண்டு காயக் காயத் தண்ணீர் ஊற்றினேன். வாடகை வேன் மேடு பள்ளம் பார்க்காமல் ஓடியது. உன் அக்கா பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள், பேர் சொல்லிக் கூப்பிட்டபடி. அவனியாபுரத்துக்குள் நுழையும்போது, ஷேர் ஆட்டோக்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்ற இடத்தில், முதலில் ஒரு முனகல். பிறகு அழுகை. கையை வீசி உன் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

"இழு தாயி. நல்லா இழு," என்றாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றது.

வில்லாபுரத்தில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். தாமதிக்காமல் துணியைக் கழற்றியது நல்லதாகப் போயிற்று என்றார். அன்று முழுக்கக் கண்காணிப்பில் வைத்துக்கொண்டார். உன் அப்பா டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். கையில் அந்தக் கிழிந்த கவுனை மடித்து வைத்திருந்தார். ஏன் எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. உன்னைப் பார்த்து, "பிள்ளையக் காத்தோட்டமா வையி" என்று மட்டும் சொன்னார்.

காதுகுத்து பிறகு கோச்சடை வீட்டில் நடந்தது. கூடத்தில், காற்றாடிக்குக் கீழே, அதே துண்டைச் சுற்றி. ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், ஏன் பட்டுப் பாவாடை வாங்கவில்லையா என்று கேட்பார்கள். உன் அக்கா சிரித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

அதற்குப் பிறகு நீ ஜவுளிக்கடைக்காரர்களுக்குப் பெரிய தொல்லையானாய். சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், கோடையில் துணி எடுக்க நீ கூடப் போனாய். முதல் வேலை, சட்டையை உள்பக்கம் திருப்புவது. தையலைத் தடவி, லைனிங்கை இழுத்து, மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாய். ஒரு கடையில் விற்பனையாளர் பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணே, வெளிப்பக்கம் பாருங்கண்ணே. வேலைப்பாடு பூராம் அங்கதான இருக்கு."

"பிள்ள இருக்கப்போறது உள்பக்கம்ல தம்பி."

மெல்லிசான பருத்திச் சட்டை, கையில்லாமல், முன்பக்கம் முடிச்சுப் போடுவதாகப் பார்த்து எடுப்பாய். வெள்ளையோ வெளிர் நிறமோ. ஒரு அளவு பெரியதாக. தொப்பி என்றால் காதையும் கழுத்தையும் மறைக்கிற விளிம்பு வேண்டும், இறுக்கம் கூடாது. வீட்டுக்குள் தொப்பியே வேண்டாம். கொசுவலையோடு வரும் மெத்தையின் அடியில் ரெக்சின் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாய். அதற்குப் பதில் மூங்கில் பாயும் பருத்தி விரிப்பும். பவுடர் டப்பாவை யாராவது எடுத்தால், "என்ன, மாவு பூசிப் பொரிக்கப் போறியா?" என்பாய். ஓடியாடுகிற வயதுப் பிள்ளைகளுக்குச் சின்ன எவர்சில்வர் தண்ணீர்க்குப்பி, காற்றுப் புகும் செருப்பு. வெயிலில் நின்ற காரில் ஏற்றும் முன் சீட்டையும் பெல்ட் கொக்கியையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டாய். கோடை தொடங்கினால் பத்திரிகையில் வெயில் செய்தி எழுதுவது என் வேலை. அதிகாரிகளையும் டாக்டர்களையும் கேட்டு எழுதுவேன். எழுதி முடித்த பிறகு உனக்கும் போன் போடுவேன்.

நேற்றைய கடைக்கு வருகிறேன்.

கடைக்காரர் ஷெர்வானியை மேசையில் விரித்தார். மகன் என்னைப் பார்த்தான். "மச்சான் வீட்டுல பெரிய கூட்டம்ப்பா. வீடியோ எல்லாம் எடுக்குறாங்க. வெறும் பருத்திச் சட்டையத் தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போனா அவய்ங்க என்ன நெனப்பாய்ங்க?"

உன் அப்பாவின் கேள்விதான். ஆள் மட்டும் வேறு. வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வான். ஆனால் மனசுக்குள் அது குறையாகவே நிற்கும். மடி அவனுடையது. அவன் கை அல்லவா தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் துணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக அதைப் புரட்டினான். உள்பக்கம் பளபளவென்று பாலியஸ்டர் லைனிங். மணிக்கட்டைத் திருப்பி அதன் மேல் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. சின்ன வயதில் பட்டறைக்கும் கடைக்கும் உன் வண்டியில் சுற்றியவன்.

"இத மடிச்சு வச்சுருங்கண்ணே. மல்மல் பருத்தியில மெல்லிசா ஏதாவது காட்டுங்க," என்றான்.

சந்தன நிறத்தில் ஒரு சட்டை எடுத்தான். சின்னதாக ஒரு வேட்டி, ஒரு விளிம்புத் தொப்பி. சபையில் தட்டில் வைக்கவும் குறையில்லை. பணம் கட்டப் போனவன் பாதியில் திரும்பி வந்தான்.

"பெரியவங்க துண்டு எங்க இருக்குண்ணே? சாதா வெள்ளத் துண்டு."

"அது எதுக்குடா?" என்றேன்.

"எனக்குத்தான். தோள்ல கெடக்கட்டும். புதுசு உறுத்தும்ப்பா, இப்பருந்தே அலசி அலசிப் போடணும்."

இதை எழுதும்போது அது மாடிக் கொடியில் காய்கிறது. இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் உன் துண்டு அளவுக்கு மெலியாது. ஆனாலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது வேறு. பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ வெயில் நேரத்தில் அழுத பிள்ளை சட்டென்று ஓய்ந்தால், சுற்றி இருப்பவர்கள் நிம்மதியாகிறார்கள். என்னால் முடிவதில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதற்குள் என் மணிக்கட்டு திரும்பிக்கொள்கிறது. எழுந்து போய், அந்தத் தாயிடம் கேட்டுவிட்டு, கழுத்துக்குப் பின்னால் வைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் பிள்ளை தூங்கித்தான் இருக்கும். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும் மாப்ள.