அம்மாவின் காபரேற்றரைக் கழற்றிவிட்டோம்

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஆறுதலாகக் கோபிக்கலாம். உங்கள் காரின் காபரேற்றரைக் கழற்றியாயிற்று. வேறொன்று பூட்டியிருக்கிறோம். "நான் கண்ணை மூடினாப் பிறகும் அதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லியிருந்தீர்கள். உங்கள் ஆட்டத்திவசம், முதல் வருடத் திதி, முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கை வைத்துவிட்டோம்.

கார் இப்போது சத்தம் போடுவதில்லை. முன்பெல்லாம் நம் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் அது திரும்பும்போதே ஃபிளற்ஸ் வோச்சர் எழுந்து கேற்றைத் திறந்துவிடுவார். இப்போது வாசலில் நின்று ஹோர்ன் அடிக்கவேண்டியிருக்கிறது. "மிஸ், வந்ததே கேக்கல்ல" என்று அந்த மனுசன் மன்னிப்புக் கேட்கிறார்.

அந்தக் காரை நீங்கள் வைத்திருந்த விதத்தில் உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்கமாட்டார்கள். சும்மா நிற்கும்போதும் யாரோ அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டிருப்பதுபோல் அது உறுமும். கியரைப் போட்டால் மிதிக்காமலே காலிக்குப் போகும் பெருவீதியில் ஊர்ந்து போகும். மற்றவர்கள் காரை ஓட்டுவதற்கு மிதிப்பார்கள், நீங்கள் பிடித்து நிறுத்துவதற்காகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தீர்கள். என்ஜினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் அந்தக் காபரேற்றரில் இருக்கும் ஒரு சின்னத் திருகாணியைத் திருப்பினால் அந்த வேகம் குறைந்துவிடும். ஒவ்வொரு மெக்கானிக்கும் குறைத்துத்தான் தருவார். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் பொனற்றைத் திறந்து, பட்டர் பூசும் கத்தியால் அதைப் பழையபடி கூட்டிவிடுவீர்கள்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசிப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக் காலம். அப்பா இறந்து சில வருடங்கள். அண்ணாவுக்கு இருபது வயதிருக்கும், நான் பள்ளிக்கூடப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். வழியில் சோதனைச் சாவடி. என்ஜினை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினீர்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், "யன்ன" என்று கையைக் காட்டினார்கள். எங்களைப் போக விட்டார்கள், கார்தான் போகவில்லை.

சூடேறிய என்ஜினை நிறுத்தினால் அந்தக் காபரேற்றர் பெற்றோலைக் கக்கிவிட்டுப் படுத்துவிடும், ஆறினால்தான் எழும்பும். நமக்கு அது தெரிந்த குணம். துவக்கோடு நிற்பவருக்கு எப்படித் தெரியும்? சாவடிக்குப் பக்கத்தில் நகராமல் நிற்கும் காரைக் கண்டால் அந்த நாட்களில் எவருக்கும் குண்டுதான் ஞாபகம் வரும். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். தள்ளுவதற்காகப் பின்னால் ஓடிய அண்ணாவைப் பிடித்து நிறுத்தி, அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து நீங்கள் அழவில்லை. இனி அது எங்கும் தானாக நின்றுவிடக்கூடாது என்று, கத்தியை எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பொனற்றைத் திறந்தீர்கள். கார் முதல்முறையாக அப்படி அலறியது அன்றுதான். என்னைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டுப் பொலிஸ் ஸ்டேசனுக்கென்று போனீர்கள். இரண்டு நாள் கழித்து அண்ணாவைப் பின்சீற்றில் இருத்திக்கொண்டு வந்தீர்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று அண்ணா சொல்லவில்லை. வெளியே என்ன நடந்தது என்று நீங்களும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் அது அப்படியே பேசாத பேச்சாகக் கிடந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு சாவடியிலும் நீங்கள் என்ஜினை நிறுத்தியதில்லை. "மாத்தயா, ஓஃப் கொளொத் ஆய ஸ்டார்ட் வென்னெ நே" என்று கெஞ்சுவீர்கள். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, ஐயா. அந்த ஒரு சிங்கள வசனத்தை மட்டும் நீங்கள் பிழையில்லாமல் சொல்வீர்கள். சண்டை முடிந்தது, சாவடிகள் போயின, அப்போதும் நீங்கள் அந்த ஆணியைக் குறைக்கவில்லை. "இனி என்னத்துக்கு அம்மா?" என்று கேட்டேன். "கிடக்கட்டும்" என்றீர்கள். பயம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உங்களுக்குத் தெரியாத செய்தி. நீங்கள் போனபின் அண்ணாவின் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். ஒருநாளும் தவறக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகும்போது பஸ்ஸில் போய்விடுவார். முடிந்து வரும்போது அவரால் நிற்கவே முடியாது, பஸ்ஸில் எப்படி வருவது?

திரீவீல் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். பம்பலப்பிட்டியில் கலர் லைற்றில் சிவப்பு விழுந்ததும் சாரதி பெற்றோல் மிச்சம் பிடிக்க என்ஜினை நிறுத்தினான். அண்ணாவின் முகம் வெளுத்துவிட்டது. சொல்லாமல் இறங்கி, வாகனங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கிவிட்டார். பிடித்துக் கூட்டிவருவதற்குள் எனக்கு உயிர் போய்வந்தது. அடுத்த முறை திரீவீல் என்றதும் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். ஒரு தரம் தவறியதற்கே காலெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கியது.

வழியில் என்ஜினை நிறுத்தாத பஸ்ஸை விட்டால், அவர் ஏறுகிற வாகனம் உங்கள் கார் ஒன்றுதான். அதுவோ, உங்களைப் போலவே, பிடிவாதத்தை விடாமல் களைத்துப்போயிருந்தது. எவ்வளவு கூட்டிவைத்தாலும் நடுறோட்டில் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். மாளிகாவத்தையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நவ்பர் நானாவிடம் கொண்டுபோனேன். கழற்றிக் கழுவிப் பார்த்தார், இரண்டு தரம்.

"உள்ளுக்குத் தேஞ்சி போச்சி தங்கச்சி. காத்து இழுக்குது. இனிக் கழுவிப் பிரயோசனம் இல்ல. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில வேற ஒண்டு ஈக்குது, அதப் பூட்டுவோம்."

பூட்டினார். திறப்பைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. சூட்டில் நிறுத்தி மறுபடி திருப்பினார், அப்போதும் பிடித்தது. என்ஜின் ஓடுகிறதா என்று காது கொடுத்துத்தான் கேட்கவேண்டும். எனக்குச் சந்தோசம் வரவில்லை அம்மா. இந்த அமைதியில் அண்ணா எப்படி ஏறுவார்?

"பழைய மாதிரியே கூட்டி வையுங்கோ நானா" என்றேன்.

"என்னத்துக்கு இவ்வளவு ரேஸ்? பெற்றோலக் குடிச்சிடும். இதும் கெதியாத் தேஞ்சிடும்" என்றார். காரணத்தைச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை அந்தக் கராஜில் நின்று சொன்னேன். நானா கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "அண்ணாவக் கூட்டி வாங்க. அவரு எவ்வளவு சொல்லுறாரோ அவ்வளவு வெச்சித் தாறன்."

மறுநாள் பஸ் ஏறி இரண்டு பேரும் போனோம். நானா காரை ஸ்டார்ட் செய்தார். அண்ணாவுக்கு நம்பிக்கை வரவில்லை, பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஓடுதா?"

"ஓடுது. சொல்லுங்க, எவ்வளவு கூட்ட?"

"கூட்டுங்கோ."

நானா ஆணியைத் திருப்பத் திருப்பச் சத்தம் ஏறியது. ஓர் இடத்தில் அண்ணா கையை உயர்த்தினார். அதே சத்தம், அம்மா. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பயம் தெளிகிறது என்றுதான் நான் நினைத்தேன். அப்போது அவர் சொன்னார்:

"இது அம்மா வெளியில நிக்கிற சத்தம்."

எனக்கு விளங்கவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார். "என்னைப் பூட்டி வச்ச அறைக்கு ஜன்னல் இல்லை. ஆனா றோட்டுச் சத்தம் கேக்கும். முதல்நாள் பின்னேரம் இந்தச் சத்தம் கேட்டுது. எங்கட கார் எண்டு தெரியும், ஏன் இப்பிடிக் கத்துது எண்டு தெரியாது. கொஞ்ச நேரம் நிக்கும், பேந்து போகும். வாசல்ல நிண்டவங்கள் கலைச்சிருப்பாங்கள். ஒரு சுத்துச் சுத்திப்போட்டுத் திரும்பி வருவா. ரெண்டு நாளும் வந்தா. சத்தம் நிண்டா அம்மா போயிட்டா எண்டு நெஞ்சு அடைக்கும். திரும்ப வந்தாத்தான் மூச்சு வரும்."

நான் அழுதுவிட்டேன். இத்தனை வருடம் அது பயத்தின் சத்தம் என்று நினைத்திருந்தேனே.

அந்த இரண்டு நாளும் என்ன சாப்பிட்டீர்கள் அம்மா? எத்தனை தரம் விரட்டினார்கள்? பெற்றோல் யார் ஊற்றியது? உள்ளே அண்ணாவுக்குக் கேட்டது உங்களுக்குத் தெரியுமா? அதற்காகத்தானா கடைசிவரை அந்த ஆணியைக் குறைக்காமல் வைத்திருந்தீர்கள்?

நானாவும் ஆணியில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இப்பிடியே விடுறன்" என்றார்.

அண்ணா கண்ணைத் திறந்தார். "இல்லை நானா, குறையுங்கோ. அவ எவ்வளவு காலமெண்டு வெளியில நிப்பா?"

நானா குறைத்தார். "போதுமா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றார் அண்ணா. சத்தம் முழுதாக இறங்கும்வரை பொனற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு தானாகவே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் கையை இறுகப் பொத்திக்கொண்டுதான் வந்தார், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் இடத்திலும் இறங்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் உள்ளே படுத்திருக்கும் நேரம் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் இருக்கிறேன், என்ஜினை நிறுத்திவிட்டு. இங்கே என்னை யாரும் கலைப்பதில்லை. ஒரு தரமும் தவறவிடமாட்டேன், அம்மா, இது சத்தியம். இனி வெளியில் நான் நிற்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போங்கோ.

உங்கள் சின்ன மகள்,
அண்ணாவின் தங்கச்சி