கடல்ல இருக்கு மிஸ்

புதுச்சேரி
8.7.2024

சங்கவியின் பெற்றோருக்கு,

வணக்கம். நான் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை. உங்கள் எண்ணுக்கு அழைத்து அழைத்து அலுத்துவிட்டேன். அதனால் இதைச் சங்கவியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அவள் வீட்டுப்பாடம் கொண்டுவருவதே இல்லை. நாள் தவறினால் பூஜ்யம் என்பது என் வகுப்பின் விதி. வரிசையாகப் பூஜ்யம் வாங்கி வைத்திருக்கிறாள். இப்படியே போனால் எளிய கணக்குப் பிரிவில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். அதில் படித்தவர்களுக்கு எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடம் கிடையாது. சம்மதச் சீட்டை இணைத்திருக்கிறேன், கையெழுத்திட்டு அனுப்பவும்.

இன்னொன்று. வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால், "கடல்ல இருக்கு மிஸ்" என்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. இந்த வாய்த்துடுக்கைக் கண்டித்து வையுங்கள்.

இப்படிக்கு,
சி. சிவசங்கரி


வீராம்பட்டினம்
9.7.2024

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

சங்கவியின் அம்மா அஞ்சலாட்சி எழுதிக்கொள்வது. அவளுக்கு வாய் நீளம்தான், என்னை உரித்து வைத்திருக்கிறாள். ஆனால் அவள் சொன்னது சத்தியம்.

வீட்டுப்பாடத்தை நீங்கள் வாட்ஸ்அப்பில்தானே போடுகிறீர்கள்? எங்கள் வீட்டில் போன் ஒன்றுதான். அது என் வீட்டுக்காரர் முருகையனின் சட்டைப்பையில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து அவர் வாரத்தில் பாதிக்கு மேல் கடலில். உங்கள் கணக்கும் அவரோடு மீன் பிடிக்கப் போய்விடுகிறது. கரை நெருங்கி டவர் கிடைத்ததும் மொத்தமாக வந்து விழும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு வீட்டு வாசலில் நின்று, "பாப்பா, உன் கணக்கு கரைக்கு வந்துடுச்சு, வந்து எறக்கு!" என்று கத்துவார். அவளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிந்தி வந்ததை நீங்கள் தொடவில்லை என்றதும் விட்டுவிட்டாள். ஒரு தடவை தோழியைக் கேட்டு எழுதினாள். அந்தப் புண்ணியவதி பக்கத்தையே மாற்றிச் சொல்லிவிட்டாள்.

சீட்டில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். வெறும் சீட்டாகவே திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அஞ்சலாட்சி


புதுச்சேரி
12.7.2024

அன்புள்ள அஞ்சலாட்சி அம்மா,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பிறகு வெட்கமாகவும் இருந்தது. நான் விழுப்புரத்துப் பக்கம் வயலைப் பார்த்து வளர்ந்தவள். கடலில் இருக்கிறது என்றால் நிஜமாகவே கடலில் இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

கணக்குத் தெரியாத பிள்ளையைக் 'கணக்கு வரலை' என்கிறோம். நோட்டு வந்து சேராவிட்டாலும் 'கணக்கு வரலை' என்கிறோம். சங்கவிக்கு வராமல் போனது இரண்டாவது. நான் முதலாவதற்கு மார்க் போட்டுவிட்டேன். பூஜ்யங்களை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தக் கட்டங்களில் 'க' என்று எழுதியிருக்கிறேன். இனிமேல் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையிலும் எழுதிப் போடுவேன்.

தலைமையாசிரியர் சக்கரபாணி சார் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, க? கவலைக்கிடமா?" என்றார். "கடல்ல இருக்கு சார்" என்றேன். "நேரத்துக்குக் கொண்டாந்த புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்வே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்பி வைக்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிவசங்கரி


வீராம்பட்டினம்
29.7.2024

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் செய்த நல்ல காரியம் என் தலையில் வந்து விடிந்திருக்கிறது. "பாத்திரம் கழுவினியாடி?" என்று கேட்டால் மகாராணி, "கடல்ல இருக்கும்மா" என்கிறாள். நேற்று பழைய கணக்கெல்லாம் போனோடு வந்து இறங்கியும் தொடவில்லை. "மிஸ்தான் பூஜ்யம் போட மாட்டாங்களே, நீ இன்னாத்துக்குக் கத்துறே?" என்கிறாள்.

வராத படகை நாங்கள் தலைமுழுகிவிடுவதில்லை. அதற்காக வரும்போது வரட்டும் என்று படுத்துத் தூங்குவதும் இல்லை, தேடிக்கொண்டு போவோம். நீங்களும் ஒரு கெடு வையுங்கள். தாண்டினால் பள்ளி விட்டதும் உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போக நானே வருகிறேன். விளையாட்டு நேரம் போனால் தானாகப் புத்தி வரும்.

எங்கள் ஊர் ஆடித் தேர் முடிந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். வஞ்சிரம் அவர் பொறுப்பு, குழம்பு என் பொறுப்பு.

அஞ்சலாட்சி


புதுச்சேரி
14.8.2024

அன்புள்ள அக்கா,

அப்படிக் கூப்பிடலாம் இல்லையா? நீங்கள் சொன்னபடியே கெடு வைத்தேன். "எங்க அம்மா உங்களுக்கு லெட்டர் எழுதுனாங்களா மிஸ்?" என்று சங்கவி முறைத்தாள். முறைத்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டாள்.

அத்தனையும் கரை சேர்ந்துவிட்டது. முக்கோணத்தில் கொஞ்சம் தடுமாறுகிறாள், மற்றதில் புலி. நூற்றுக்கு எழுபத்தெட்டு மார்க். நான் இரக்கப்பட்டுப் போட்டது ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவள் வாங்கியது. எளிய பிரிவுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. சம்மதச் சீட்டைக் கிழித்துப் போட்டேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சக்கரபாணி சாருக்கும் திருப்திதான். இப்போது அவரே மற்ற வகுப்புகளில் போய், "யாரோடது கடல்ல இருக்குது?" என்று கேட்கிறார்.

ஞாயிறு கட்டாயம் வருவேன், என் குழந்தையையும் தூக்கிக்கொண்டு.

உங்கள்
சங்கரி


வீராம்பட்டினம்
19.8.2024

அன்புள்ள சங்கரி,

நேற்று தெருமுனை வரை வந்து வந்து பார்த்தோம். பிறகுதான் குழந்தைக்குக் காய்ச்சல் என்று உன் செய்தி வந்தது. இப்போது தேவலையா?

"மிஸ்ஸுக்குப் பூஜ்யம் போடலாமாம்மா?" என்று கேட்டாள் உன் மாணவி. "க போடுடி" என்றேன். மீன் குழம்பு மறுநாள்தானே ருசி! தூக்கில் ஊற்றி அவளிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன், பஸ்ஸில் சிந்தாமல் கொண்டுவந்தாளா என்று பார். நீ வந்து சாப்பிட வேண்டியது மட்டும் இன்னும் கடலில்தான் இருக்கிறது. அதற்குக் கெடு அடுத்த ஞாயிறு.

அவர் விடியற்காலையில் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, போனை எடுத்துச் சங்கவி கையில் வைத்தார். "படகுல வயர்லெஸ் இருக்குது பாப்பா, எனக்கு அது போதும்" என்றார். பாட்டுக் கேட்காமல் எப்படித்தான் இருக்கப் போகிறாரோ!

இனி நீ போன் செய்தால் நான் எடுப்பேன். ஆனாலும் இதற்குக் கடிதமாகவே பதில் எழுது. பிந்தி வந்தாலும் முழு மார்க்.

உன் அக்கா
அஞ்சலாட்சி