என் சூட்டில் குளிர்காய்ந்தவன்

நவம்பர் 12
தரையில் கால் வைக்க முடியவில்லை. இரண்டு கம்பளிக் காலுறை போட்டும் விரல்கள் மரத்துப்போகின்றன. போன வருஷம்தான் கட்டடம் முழுக்க வெளிச்சுவரில் குளிரைத் தடுக்கத் தடித்த பலகை ஒட்டினார்கள், ஹீட்டருக்கு ஹீட்டர் குமிழும் மீட்டரும் வைத்தார்கள். இனிப் பாதிச் சூடே போதுமாம்! ஐந்து வரை உள்ள குமிழை நான் நாலில் வைத்தும் நடுங்குகிறேன். கீழ்வீட்டு கவ்ரோன்ஸ்கியைப் படியில் பார்த்துக் கேட்டேன். "வெளிச்சுவர்ல ஏதோ கோளாறு இருக்கும்மா. சங்கத்து ஏட்டுல எழுதி வைங்க, நீங்கதானே செயலாளர்" என்றார்.

நவம்பர் 21
குடியிருப்போர் சங்கக் கூட்டம். மிகக் குறைவாகச் சூடு செலவழித்த வீடு என்று கவ்ரோன்ஸ்கிக்குக் கம்பளிப் போர்வை பரிசு. மிக அதிகம் செலவழித்தது நானாம். "சில பேரு ஜன்னலைத் தொறந்து வச்சு தெருவுக்கே சூடு காட்டுறாங்க" என்றான் கவ்ரோன்ஸ்கி, என்னையே பார்த்துக்கொண்டு. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஓட்டெடுப்பு. இத்தனை வருஷம் நான் இருந்த செயலாளர் பதவி அவனுக்குப் போயிற்று.

நான் ஊதாரியா? ஜன்னலை நான் எப்போது திறந்தேன்?

டிசம்பர் 3
சங்கத்துச் சாவிகளைக் கொடுக்கப் போனேன். அரைக்கைச் சட்டையோடு பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தான். வீடு கதகதவென்று இருந்தது. குமிழ்களைப் பார்த்தேன். எல்லாமே பனிப்பூக் குறியில். குழாய் உறையாமல் இருக்க மட்டும் வைக்கிற இடம் அது! கேட்டால் சிரிக்கிறான். "மேல நீங்க, கீழ தையல்காரம்மா. நடுவுல எனக்கெதுக்குத் தனியா ஹீட்டர்? தொட்டில்ல கெடக்குற மாதிரி சுகமா இருக்கு."

அப்படியானால் நான் போடுகிற சூடெல்லாம் தரை வழியே இவனுக்கு. என் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு, எனக்கே ஊதாரிப் பட்டம். இரு மகனே, இரு.

டிசம்பர் 24
கிறிஸ்துமஸ் முந்தின இரவு விருந்து. எதிர்பாராத விருந்தாளிக்கென்று எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு காலித் தட்டு வைத்தேன். அவன் வந்து கதவைத் தட்டினால்? தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஜனவரி 2
தையல்காரம்மா ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அவனுக்கு மிச்சம் நான் மட்டும்தான். எல்லாக் குமிழ்களையும் பனிப்பூவுக்குத் திருப்பினேன். சுவாவ்கியில் அக்கா ரெகினா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஜனவரி 19
வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மேல்வீட்டு மஜேனா போன் செய்தாள். "உங்க கீழ்வீட்டுக்காரரு பாவம். குமிழைத் திருப்பினா ஒண்ணுமே வரலையாம். வச்ச நாள்லேருந்து திருப்பாம உள்ள இறுகிப் போச்சாம். ஆள் கிடைக்கலைன்னு பரிசுப் போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படியில உக்காந்திருக்காரு."

பரிசுப் போர்வை! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அக்கா முதுகைத் தட்டினாள். மஜேனா பிள்ளைத்தாய்ச்சி. தன் வீட்டுத் தரையும் சில்லென்று இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4
வீட்டுக்கு வந்தேன். காலணியைக் கழற்றியதும் திகைத்துப் போனேன். தரை சுடுகிறது! புதுக் குமிழ் போட்டு எல்லாவற்றையும் ஐந்தில் வைத்திருக்கிறான். பயந்துவிட்டான் பயல். என் குமிழ்கள் பனிப்பூவிலேயே இருக்கின்றன. திருப்பப் போனேன். எதற்கு? இருக்கட்டும்.

நவம்பர் 20
கூட்டம். இந்த வருஷப் போர்வை எனக்கு. செயலாளர் பதவியும் எனக்கே. கவ்ரோன்ஸ்கி தலையைக் குனிந்தபடி கைதட்டினான். அந்தக் கைதட்டல் மட்டும் இனித்தது.

சாயங்காலம் மஜேனா வந்தாள், இடுப்பில் பையன்.

"தவழ ஆரம்பிச்சுட்டாம்மா. ஆனா கீழ விட முடியல, தரை அப்படிச் சில்லுன்னு இருக்கு. எவ்வளவு ஹீட்டர் போட்டாலும் சூடு நிக்க மாட்டேங்குது. உங்க வீட்ல எப்படி?"

குழந்தையின் முழங்கால்கள் சிவந்திருந்தன.

"வெளிச்சுவர்ல ஏதோ கோளாறு இருக்கும்மா," என்றேன். "எழுதிக் குடு. நான்தானே செயலாளர்."

கதவைச் சாத்திவிட்டு வெறுங்காலோடு கதகதப்பான தரையில் நடந்து உள்ளே வந்தேன்.