எம்மா எந்த வண்டியில் போனாள்?

1987 பெப்ரவரி 4, பேர்ண்

மத்தியானம் ரூத் வந்தாள். அமெரிக்காவிலிருந்து மோர்மன் மதத்தைப் பரப்ப வந்த பெண். எனக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, சொல்லித்தருகிறாள். பதிலுக்கு நான் அவளுடைய மதக் கதையைக் கேட்கிறேன். நான் சைவம், மாறமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கதை மட்டும் பிடித்திருக்கிறது.

நூற்றைம்பது வருடத்துக்கு முன், அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் சிறையில் கிடக்க, அவருடைய சனத்தை மிசூரி மாநிலத்திலிருந்து துரத்துகிறார்கள். மனைவி எம்மா, அவர் எழுதிய தாள்களைப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு, நான்கு பிள்ளைகளோடு உறைந்த மிசிசிப்பி ஆற்றின் மேல் நடந்து தப்புகிறாள். எண்பத்திமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு, வடக்கே ஊருக்குப் போன அகதிக் கப்பலில் ஏறியதை நான் சொன்னேன். ரூத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எம்மாவை நேரில் தெரிந்ததுபோல இருந்தது.

பெப்ரவரி 7

சனி. இவர் பாசல் நகரத்துக்குப் போய்விட்டார். சனி, ஞாயிறு அங்கே உணவகத்தில் வேலை. கத்தரிக்காய்ப் பால்கறியும் சோறும் கட்டிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 18

ஜோசப் அந்தச் சிறையிலிருந்து தப்பி வந்தாராம்; ஐந்து வருடம் கழித்து வேறொரு சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். பிறகு சனமெல்லாம் மாட்டு வண்டிகளில் மேற்கே உப்பு ஏரிப் பக்கம் போனதாம். ரூத் அதை ஆசையாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

"எம்மா எந்த வண்டியில் போனாள்?" என்று கேட்டேன்.

ரூத்தோடு கூட வந்த மற்ற ஊழியப் பெண், என் மகளோடு படம் கீறிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்திவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"எம்மா போகவில்லை" என்றாள் ரூத்.

கேட்டுக் கேட்டுத்தான் மிச்சம் வந்தது. ஜோசப் வேறு பெண்களையும் இரகசியமாக மணம் முடித்திருந்தார். எம்மாவின் வீட்டிலேயே தங்கியிருந்த அக்கா தங்கை இரண்டு பேரையும் கூட. நெருங்கிய பலருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்—

"ஏன் முதலே சொல்லவில்லை?"

"நீங்கள் எம்மாவை அவ்வளவு விரும்பினீர்கள். சொன்னால் என்னை உள்ளே விடமாட்டீர்கள் என்று பயந்தேன்."

அவள் போன பிறகும் மனம் ஆறவில்லை. பாசல், பாசல் என்று ஏன் நினைவு வருகிறது? இவர் வேலை செய்யும் உணவகத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாதே.

பெப்ரவரி 21

மேல்மாடிச் சிவகலாவிடம், பாசலில் இவருக்கு என்ன இருக்கிறது என்று நேரே கேட்டேன். அழத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு மனம் நோகும் எண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை."

சுவிஸ்காரி ஒருத்தி. ஒரு மகன். போன மாதம்தான் ஒரு வயது. நான் இங்கே வந்து இரண்டு வருடமாகிறது.

"பிறந்தநாளுக்கு நீரும் போனனீரோ?"

"ஓம் அக்கா."

"பலகாரம் செய்து குடுத்தனீரோ?"

"வடை மட்டும்."

பெப்ரவரி 22

இரவு பாசலிலிருந்து வந்ததும் கேட்டேன். "ஆர் சொன்னது?" அதுதான் இவருடைய முதல் கேள்வி. இல்லையென்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"உம்மை விட்டிட்டனானோ? குறை என்ன வைச்சனான்?"

எத்தினை சனிக்கிழமை சாப்பாடு கட்டிக் குடுத்தன். ரெண்டு பேருக்குப் போதுமானதா வேணுமெண்டு கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாரே. நான் ஒரு விசரி. அவளும் என்ரை கறியைத்தானே திண்டிருப்பாள்.

மார்ச் 4

ரூத்தை ஊஸ்டர் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். விடைபெற வந்தாள்.

"எம்மா பிறகாவது உண்மையைச் சொன்னாளா?"

"இல்லை. கடைசிவரை, என் கணவருக்கு வேறு மனைவியே இல்லை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொன்னாள்."

அவளும் கைவிட்டுவிட்டாள். ஆற்றைக் கடந்தவளுக்கு இதைச் சொல்ல முடியவில்லையா? பிள்ளைகளுக்காகவா? வெட்கமா? ரூத் கட்டிப்பிடித்தாள். நான் மரம்போல நின்றேன்.

மார்ச் 15

வியாழக்கிழமை அகதி விசாரணை. இவர் தாழ்ந்த குரலில் கெஞ்சுகிறார். "குடும்பமா இருக்கிறம் எண்டு சொல்லும். கேஸ் ஒண்டாத்தானே போட்டது. பிரிஞ்சால் உம்மைப் பிள்ளையோடை திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

சிவகலாவும் அதையே சொல்கிறாள். அனுப்பினால்? ஊரில் குண்டு விழுகிறது. மகள் பக்கத்தில் தூங்குகிறாள். பயமாக இருக்கிறது.

மார்ச் 19

மொழிபெயர்க்க வந்தவர் பத்மநாதன் அண்ணை. இவருடைய கூட்டாளி. கணவரோடு சேர்ந்து வாழ்கிறீர்களா என்று அதிகாரி டொச்சில் கேட்டார். அண்ணை அதைத் தமிழில் சொல்லிவிட்டு, அதே குரலில், "பிள்ளை, ஓம் எண்டு சொல்லும்" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து "நைன்", இல்லை என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த டொச்சில், பிழை பிழையாக, எல்லாவற்றையும் சொன்னேன். வேறு பெண். குழந்தை. பாசல். பத்மநாதன் அண்ணையின் முகம் கறுத்துப்போனது.

மே 16

கேஸ் முடிவு இன்னும் வரவில்லை. மகளும் நானும் ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னலுக்கு நேரே ட்ராம் போகிறது; மகளுக்குச் சந்தோசம்.

அழைப்புமணிக்குப் பக்கத்தில் போட என்ன பெயர் என்று வீட்டுக் காவலாளி கேட்டார். இவருடைய பெயரை அல்ல, என் பெயரை எழுதிக் கொடுத்தேன். தில்லைநாயகி. நீளம், இடம் போதாது, சுருக்கலாமா என்றார்.

வேண்டாம் என்றேன். எழுத்தைச் சின்னதாக்கி முழுவதையும் போட்டுத் தந்தார்.