மூன்று நாளாக ஒரு விரிசலும் இல்லை

ஆவடி,
திங்கட்கிழமை

பாப்பா யுவராணிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி அரவிந்தன் மூவரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இல்லை என்பது வெள்ளிக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது, அதனால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு கத்தரிக்காய் நறுக்குவாள், அவள் முன்னால் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. எழுதி, அரவிந்தனைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அவன் படித்துவிடுவான். நானே எடுத்து அனுப்புகிறேன், பக்கம் கோணலாக இருந்தால் போனைத் திருப்பிப் படித்துக்கொள்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், இவள் துணி காயப்போட மட்டும்தான் ஏறுகிறாளாம், அது சேர்த்தி இல்லையாம். அரவிந்தனிடம் கல்யாணப் பேச்சு எடுத்தால் அக்காவுக்கு முடியட்டும் என்கிறான், உன்மேல் அவனுக்கு இவ்வளவு அக்கறை என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரியும். கோடி வீட்டு அங்கம்மா தன் மருமகளின் காய்ச்சலுக்கு உன்னிடம் மாத்திரை பெயர் கேட்டுச் சொல்லச் சொன்னாள். யுவராணி மாத்திரை கொடுக்கிறவள் இல்லை, வைரஸ் உடம்புக்குள் எங்கே போகிறது என்று படம் எடுக்கிறவள் என்று விளக்கினேன். அப்போ இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போய்க்கீறா என்று கேட்டாள். டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

இப்போது உன் விஷயம். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். வைரஸ் புகுந்த செல்லில், அந்த வைரஸின் புரதத்தில் மட்டும் ஒட்டுகிற பச்சைச் சாயத்தை விட்டு, அது எங்கெங்கே போகிறது என்று மணிக்கு ஒரு படம் எடுத்தாய். ஆறாம் மணியில் செல்லின் நடுவில் இருக்கிற உட்கருவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஹாலில் நாம் மாட்டியிருப்பது அந்தப் படம்தான், உன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் குங்குமம் வைக்கிறாள். அதை வைத்துத்தான் நீயும் உன் ப்ரொஃபசர் அம்மாவும் கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினீர்கள். போன மாதம் வேறு எதற்கோ, வைரஸே போடாத நல்ல செல்லுக்கு அதே சாயத்தை விட்டுப் பார்த்தாய், அதிலும் நடுவில் பச்சை. ஆக, சாயம் தானாகவே போய் அங்கே ஒட்டுகிறது. வைரஸ் புரதம் அங்கே போனதா இல்லையா என்பது இப்போது உனக்கே தெரியாது. உன் பக்கத்து மேஜை சிம்ரன் அந்தப் படத்தை நம்பித் தன் மூன்று வருஷ வேலையை ஆரம்பித்திருக்கிறாள். கட்டுரையைத் திருத்தித் தரக் கடைசி நாள் வியாழக்கிழமை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் அப்பா என்று கேட்டாய். யாருக்கும் தெரியாது கண்ணு, நீ மொதல்ல சாப்ட்டியா என்று உன் அம்மா கேட்டாள், பேச்சு அங்கே போய்விட்டது.

அந்தக் கேள்விக்குத்தான் எழுதுகிறேன். பாடியில் இருக்கிற கம்பெனியில் எனக்கு கிராக் டெஸ்ட் வேலை என்பது உனக்குத் தெரியும். லாரியின் முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற இரும்பு, நக்கிள் என்போம், அதில் காந்தம் ஏற்றி, ஒளிர்கிற மையை ஊற்றி, டார்க் ரூமில் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் மை அங்கே போய்ச் சேர்ந்து பச்சைக் கோடாகத் தெரியும். உன் வேலையும் ஏறக்குறைய இதுதான், உனக்கு ஏசி உண்டு. நீ ஏழாவது படித்தபோது எனக்குக் கண்ணாடி மாற்றினார்கள். வெயில் பட்டால் தானாகக் கறுக்கிற கண்ணாடி என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் ஸ்டைலாகத்தான் இருந்தது. ஊதா விளக்கும் அந்தக் கண்ணாடிக்கு வெயில்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. டார்க் ரூமில் உட்கார்ந்து, கறுத்த கண்ணாடி வழியாக மூன்று நாள் நக்கிள் பார்த்தேன். ஒரு விரிசலும் இல்லை. நல்ல இரும்பு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் வேர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன், கையில் அது கன்னங்கரேலென்று இருந்தது, மேஜைமேல் இருந்த நக்கிளில் பச்சைக் கோடு பளிச்சென்று இருந்தது. அதற்குள் நூற்று நாற்பது பீஸ் என் முத்திரையோடு டார்க் ரூமை விட்டுப் போய்விட்டது.

நான் சொல்லவில்லை பாப்பா. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் கிரேடுக்கு இன்டர்வியூ இருந்தது. பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். இன்டர்வியூவில் எனக்குக் கிடைக்கவில்லை. பதினேழு வருஷமாகப் பேப்பரில் லாரி கவிழ்ந்த செய்தி வந்தால் எந்த வருஷத்து வண்டி என்றுதான் முதலில் தேடுவேன். பாடி மேம்பாலத்தில் லாரி திரும்பினால் நின்று முன் சக்கரத்தைப் பார்ப்பேன். எனக்கு லாரி என்றால் ஆசை என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நீ அழுததைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. நேற்று ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவேற்காட்டில் எங்கள் பழைய ஃபோர்மேன் சுப்பராயன் வீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அது எனக்கு அன்னிக்கே தெரியும் வேம்புலி என்றார். மூணு நாளா ஒரு ரிஜெக்ட்டு கூட இல்லன்னா இன்னா அர்த்தம், தேவலோகத்துலேர்ந்தா இரும்பு வந்துச்சு, லாரில மாட்ட அசெம்ப்ளிக்குப் போறதுக்கு முன்ன நூத்தி நாப்பதையும் நிறுத்தி நானே பாத்துட்டேன், ஒம்பது பீஸ் கிராக்கு, ஒடச்சுப் போட்டாச்சு என்றார். இன்டர்வியூவில் என் பெயரை அடித்ததும் அவர்தானாம். அன்னிக்கே ஏன் சார் என்னைக் கேக்கல என்றேன். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன், அப்புறம் எனக்கு சென்ட் ஆஃப் குடுத்துட்டாங்க என்றார். காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

என்னால் ஒரு லாரியும் கவிழவில்லை என்று தெரிந்து ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவர் மூன்று வருஷம் சர்வீஸில் இருந்தார். தினமும் காலையில் டார்க் ரூம் வாசலில் நின்று, இன்னாபா வேம்புலி, எதுனா கீதா என்று கேட்பார். ஒன்றும் இல்லை சார் என்பேன். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் ப்ரொஃபசர் அம்மா அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. நூற்று நாற்பதையும் திரும்பப் பார்க்க அங்கே ஒரு சுப்பராயன் இருக்கிறாரா என்பதும் தெரியாது. சொல் என்று உன்னிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, சொல்லாதே என்று சொல்ல மனசு வரவில்லை. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எங்கள் வேம்புலியம்மன் உன்கூட இருப்பாள். நீ எந்த முடிவு எடுத்தாலும் நீ எங்கள் பிள்ளைதான்.

வியாழக்கிழமையை மறக்காதே. சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் அப்பாவைக் கேட்காதே. எனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. நீ சொன்னால் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது, தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
கெ. வேம்புலி