மேற்கு முகட்டின் கடைசிப் பாறை

ரானுயி, ஓக்லாந்து
29 செப்டெம்பர் 2024

அன்பின் ராசாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. நீங்கள் திருத்தித் தருவதாகச் சொன்ன கூரைத் தண்ணீர் வடியும் பீலி, படுக்கையறை யன்னலுக்கு நேரே கொட்டுகிறது.

நேற்று சற்றலைட் போனில் “வழி மாறிவிட்டது, மேற்கு முகடு” என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி! தென்கிழக்குப் பனிச்சரிவால், எல்லோரும் மலையேறுகிற வழியால் போவதாகச் சொல்லித்தானே என் தம்பி றொய்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்? அவன் மனைவி பிரியந்தி வயிற்றுப் பிள்ளையோடு தகனினியிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து, “மச்சாள், அவை எந்தப் பக்கத்தாலை ஏறப்போயினம்?” என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

ஐந்து வருஷத்துக்கு முன் நாங்கள் ஏறியபோது அந்த முகட்டில், கடைசிப் பாறைக்குக் கீழே நின்று, திரும்புவோம் என்று சொன்னது நான்தான். அன்றிலிருந்து வீட்டுக்குச் சாப்பிட வருகிற ஆட்களுக்கெல்லாம் “பேர்ணி பயப்பிடாமல் இருந்திருந்தால்” என்று தொடங்குகிறீர்கள். சோறு போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன். இப்போது அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதானே? பனி, வானிலை என்று எனக்குக் கதை விட வேண்டாம்.

பேர்ணடெட்


அடிவார முகாம்
5 ஒக்டோபர்

அன்பின் பேர்ணி,

கீழ்க் கிராமத்திலிருந்து சாமான் கொண்டுவருபவர் உமது கடிதத்தைத் தன் போனில் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் வாசிக்கிற முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கதை விடவில்லை. தென்கிழக்குச் சரிவில் புதுப்பனி பழைய பனியோடு ஒட்டவில்லை, அதனால்தான் வழியை மாற்றினோம். நேற்று எங்கள் கண் முன்னால் பாதிச் சரிவு வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டாம் முகாம் போட நினைத்த இடம் இப்போது அதற்கு அடியில். முகடு கத்தி மாதிரித்தான். ஆனால் அங்கே தலைக்கு மேலிருந்து விழ ஒன்றுமில்லை. றொய்ஸ்டனும் அதைத்தான் சொல்கிறான். உமக்கு எழுதச் சொன்னால், “அக்காவிட்டை நீங்களே சொல்லுங்கோ அத்தான், என்னாலை ஏலாது” என்கிறான்.

நீர் எழுதியதிலும் பாதி உண்மை. அந்தப் பாறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும். நீரும் ஆசைப்பட்டவர்தானே?

ராசா


ரானுயி
8 ஒக்டோபர்

ராசா,

ஆசைப்பட்டேன்தான். அதையும் நீங்கள்தான் எனக்கு எழுதிச் சொல்ல வேண்டுமா?

போகிறதென்றால் ஒழுங்காகப் போங்கள். மதியத்துக்குப் பிறகு அந்த முகட்டில் காற்று எழும்பும். றொய்ஸ்டனை முன்னால் விட வேண்டாம். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, களைப்பைச் சொல்ல மாட்டான்.

ஏணி வைத்துப் பீலியை நானே திருத்திவிட்டேன்.

பேர்ணடெட்


அடிவார முகாம்
17 ஒக்டோபர்

அன்பின் பேர்ணி,

இரண்டு பேரும் முழுசாக இறங்கிவிட்டோம். றொய்ஸ்டனின் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இப்போது உணர்வு வந்துவிட்டது. பிரியந்தியோடும் கதைத்துவிட்டான்.

உச்சிக்குப் போனோம்.

அந்தப் பாறை ஒன்றுமேயில்லை, பேர்ணி. இடப்பக்கம் சுற்றினால் ஒரு வெடிப்பு, நல்ல கைப்பிடிகள். அதற்கு மேலே மாடுகூட ஏறக்கூடிய பனிச்சரிவு, நேரே உச்சிவரை. அன்றே போயிருக்கலாம். மேலே றொய்ஸ்டன் அழுதுகொண்டு நின்றான். நானோ, இதை உமக்கு எப்படி எழுதுவது என்று வசனம் யோசித்துக்கொண்டு நின்றேன். இறங்கும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்று நீர் செய்தது பிழை.

29ஆம் திகதி, செவ்வாய் காலை ஓக்லாந்தில் இறங்குகிறோம்.

ராசா


ரானுயி
20 ஒக்டோபர்

அன்பின் ராசாவுக்கு,

பிரியந்தி என் குசினியில் இருந்து நன்றாக அழுதாள். பிறகு இரண்டு தரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டாள்.

பாறை இலகு என்றால் இலகுவாகத்தான் இருந்திருக்கும். அன்று நான் பாறையைப் பார்க்கவேயில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை “அம்மா” என்று கூப்பிட்டீர்கள். கையுறையைக் கழற்றி எறிந்தீர்கள். பிறகு இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினீர்கள். அந்த உயரத்தில் மூளைக்குக் காற்றுக் காணாமல் போனால் அப்படித்தான் ஆகும். உங்கள் கையைத் தட்டிவிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது, இறங்குவோம் என்றேன். அதற்குத்தான் நீங்கள் மசிந்தீர்கள். கீழே வந்தபோது உங்களுக்கு நான் பயந்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

சொன்னால் மலையையே விட்டுவிடுவீர்கள் என்று நினைத்துச் சொல்லவில்லை. இப்போது நீங்கள் ஏறிவிட்டீர்கள். இனியும் இதை மறைத்து வைத்திருக்க எனக்கு ஏலாது, ராசா. களைத்துப்போனேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். எயார்போட்டுக்கு வருவேன். முதலில் தகனினியில் றொய்ஸ்டனை இறக்கிவிடுவோம். அங்கிருந்து ரானுயி வீட்டுக்கு நல்ல தூரம், காரில் நாங்கள் இரண்டு பேர்தான். கதைப்பதை அதற்குப் பிறகு கதையுங்கள்.

பேர்ணி