பெட்டியில் கேட்ட உறுமல்

அன்புள்ள "என்னங்க"வுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வாலு சொல்லிவிட்டாள். நான் உங்களை அப்படியே கூப்பிடுவதால் அதுதான் அப்பாவின் பெயர் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்திருக்கிறாளாம் நம் மகள். நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வேலை செய்யும் இடத்துக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், வெளியே வந்து பேசினாலோ "சாப்பிட்டியா" என்பதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன ப்ரீஆம்ப் பெட்டி முரண்டு பிடிக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்காக நான் படித்து அனுப்பிய நிலவியல் பாடத்தை ஒலிப்பதிவு நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் யாரோ உறுமிக்கொண்டே இருக்கிறார்களே என்று அங்கே பாடங்களைக் கேட்டுச் சரிபார்க்கும் அம்மா கேட்டார். ஹெட்போனை மாட்டிக் கேட்டால் உண்மைதான். மைக்கின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க வேண்டிய பெட்டி, தானாகவே அடித்தொண்டையில் உறுமுகிறது. நான் பேசினாலும் உறுமல், பேசாவிட்டாலும் உறுமல்.

மூடியின் உள்பக்கம் நீங்கள் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மைக் வயரை மாற்றினேன். மங்கலாகத் தெரிந்த ஈயப் பற்றுகளை மறுபடியும் சூடு காட்டி ஒட்டினேன் (கட்டைவிரலில் ஒரு கொப்புளம், பயப்பட ஒன்றுமில்லை). டிரான்ஸ்பார்மரைக் கழற்றி ஒரு கை தூரம் தள்ளி வைத்தேன். எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். அப்படி ஒரு அமைதி! என் மூச்சே எனக்குக் கேட்டது. பேட்டரியில் நல்ல பிள்ளை, சுவரில் மாட்டினால் பேய். இதற்கு என்ன அர்த்தம் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. படிக்கும்போது உதடு மைக்கின் வலையில் பட்டு சுருக்கென்றது. குளிர்காலத்தில் கம்பளி உரசினால் வருமே, அது மாதிரி. அதுவாகத்தான் இருக்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

---

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் எழுதியபடி மைக்கைக் கழற்றிவிட்டு, அது நுழையும் வாயை அடைத்துவிட்டும் பார்த்தேன். உறுமல் அப்படியே இருந்தது. பெட்டிக்குள் நுழையும் சத்தமில்லை, பெட்டிக்கு வரும் மின்சாரத்தோடு வருகிறது என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

வாடகை வாங்கும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருடைய வயர்மேனை அனுப்பினார். அந்த ஆள் பெட்டியைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் யாரும்மா செஞ்சது? வீட்டுல வெச்சு விளையாடற சாமானா இது?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. வேறு எதையும் தொடாமல் பிளக்குக்குள் இருந்த எர்த் கம்பியை மட்டும் வெட்டிவிட்டார். உறுமல் பட்டென்று நின்றது. "அவ்ளோதான், போய் பாட்டு பாடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நின்றதில் எனக்கு நிம்மதி வரவில்லை. நீங்களே சொல்லுங்கள், எர்த் என்பது ஆபத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் விடும் வழி அல்லவா? அதை வெட்டினால் சத்தம் நிற்கிறது என்றால், அந்த வழியாகத்தான் ஏதோ உள்ளே ஏறி வருகிறது. இதைக் கேட்க வயர்மேன் இல்லை. அதனால் நானே ஒரு காரியம் செய்தேன். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, பெட்டியைப் பேட்டரியில் ஓடவிட்டு, அதன் உடம்பிலிருந்து ஒரு நீளக் கம்பியைக் குளியலறைக் குழாயில் சுற்றினேன். சுவரில் எந்த பிளக்கும் இல்லை. ஆனாலும் ஹெட்போனில் அதே உறுமல் எழுந்தது. குழாயிலிருந்து!

கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் உங்கள் டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். உள்ளே இருக்கும் குட்டி விளக்கு மங்கலாக எரிந்தது.

கீழ்த்தளத்துச் சலவைக்கடையில் பெரிய மெஷின் ஓடும்போதெல்லாம் உறுமல் கூடுகிறது, அது நின்றால் தேய்கிறது. இறங்கிப் போய் சலவைக்கடை அக்காவிடம் கேட்டேன். "ஆமாம்மா, கொஞ்ச நாளா மெஷின் கதவு கடிக்குது. கை ஈரமா இருந்தா கொஞ்சம் கூடுதலா கடிக்கும். நாய்க்குட்டி மாதிரிதான்" என்று சிரித்தார். பின்பக்கம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய பிறகுதான் இப்படி என்றார். அவரும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். ஈரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்ததாம்.

நான் மறுபடியும் வீட்டுக்காரரிடம் போனேன். டெஸ்டர் எரிந்ததைச் சொன்னேன். "அந்த டப்பாவைத் தூக்கி வெளியே போடுங்க, எல்லாம் சரியாயிடும். இத்தனை வருஷமா யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். கதவை மூடும்போது, வாடகைக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை என்று தன் மனைவியிடம் சொன்னது என் காதில் விழட்டும் என்றே சொன்னது போல இருந்தது.

வாலுவைக் குழாய்ப் பக்கம் விடுவதில்லை. பிளாஸ்டிக் வாளியில் பிடித்துக் கொண்டு வந்து கூடத்தில் நிற்கவைத்துக் குளிப்பாட்டுகிறேன். அவளுக்கு ஒரே கொண்டாட்டம், கூடமெல்லாம் தண்ணீர். நான்தான் அந்தக் குழாயை அடிக்கடி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்ப்பதற்கு நேற்று இருந்த அதே குழாய். சொட்டுகிறது, அவ்வளவுதான்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
நான்

---

அன்புள்ளவருக்கு,

முதலில் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு மதியம். குழாயில் சுற்றிய கம்பியை நான் அவிழ்க்கவில்லை. நோயாளியின் நெஞ்சில் காது வைத்துப் பார்ப்பது போல அவ்வப்போது ஹெட்போனை மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மெஷின் ஓட ஆரம்பித்ததும் வழக்கம்போல உறுமல் கூடியது. திடீரென்று அது கிழிந்தது. துணி கிழிவது போல ஒரு சத்தம், அப்புறம் விட்டு விட்டு ஒரு துடிப்பு. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் படி இறங்கி ஓடினேன்.

அக்கா நின்றுகொண்டிருந்தார். ஒரு கை மெஷின் கதவில், ஒரு கை குழாயில். தரையெல்லாம் நுரை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் ஒரு சத்தம் இல்லை. என் கை தானாக அவர் தோளுக்குப் போய்விட்டது. தொடாதே, முதலில் மெயினை அணை என்று நீங்கள் எத்தனை தடவை கத்தியிருப்பீர்கள்! அந்தக் கத்தல்தான் என் கையைப் பின்னால் இழுத்தது. படிக்கட்டுக்குக் கீழே ஓடி மெயின் சுவிட்சை இழுத்து விட்டேன். கட்டிடம் முழுக்க இருண்டது. அக்கா துணிமூட்டை போல விழுந்தார்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு உள்ளங்கையும் வெந்துபோய் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "கத்தணும்னுதான் நெனச்சேன்மா. வாயே வரலை. நீ எப்படி வந்தே?" என்று கேட்டார். கேட்டது என்று மட்டும் சொன்னேன்.

மின்வாரியத்து ஆட்கள் வந்து பின்பக்கம் தோண்டினார்கள். பள்ளம் வெட்டியவர்கள் எர்த் கம்பியையும் சேர்த்து வெட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மெஷினில் கசிந்த மின்சாரத்துக்கு மண்ணுக்குள் போக வழியில்லை. அதனால் எர்த் கம்பி வழியாகவே மேலே ஏறி எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறது, குழாய் வரைக்கும். வீட்டுக்காரர் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, "நான் என்ன கண்டேன்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நின்று கேட்கவில்லை.

இப்போது புதுக் கம்பி போட்டாகிவிட்டது. வெட்டின எர்த் கம்பியை உங்கள் பிளக்கில் நானே திரும்ப மாட்டினேன். பெட்டியில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நிலவியல் பாடத்தை மறுபடியும் படித்து அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் முடிந்து மூச்சு விட்ட அன்றுதான் உங்கள் கடிதம் வந்தது. சிரிப்புக்காக எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தங்கும் கொட்டகையில் இரும்புக் கட்டில் கூசுகிறது, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எல்லாரும் துள்ளுகிறீர்கள், யார் அதிகம் துள்ளுகிறார் என்று பந்தயம் வேறு கட்டுகிறீர்கள் என்று. மேஸ்திரியிடம் சொன்னவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அதே வரியில் எழுதியிருக்கிறீர்கள். வாலுவுக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தீர்கள். நான் காட்டவில்லை.

வேறு யாராவது இதை உங்களிடம் சொல்லியிருந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடிப்போய் மெயினை அணைத்திருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். உங்கள் கட்டில் என்றதும் எப்படிச் சிரிப்பு வந்தது?

அங்கே மழைக்காலம் ஆரம்பிக்கப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ. கையில் கிடைத்த உடனே, படித்து முடிக்கக்கூட வேண்டாம், அந்தக் கட்டிலை விட்டு இறங்கிவிடுங்கள். காய்ந்த பலகை ஒன்றைப் போட்டுத் தரையில் படுங்கள். மற்றவர்களையும் இறக்குங்கள். மேஸ்திரியிடம் சொல்லுங்கள். அனுப்பிவிடுவார்கள் என்றால் அனுப்பட்டும். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஏன் வந்தீர்கள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு தடவை உங்கள் நம்பருக்குப் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பீர்கள்.

ஒரே ஒரு வரி போதும். "இறங்கிவிட்டேன்" என்று எழுதிப் போடுங்கள். உங்கள் கையெழுத்தில்.

காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி